சுவரருகே, டப்ளின்

இந்த நகரத்தில் சுவர்களைத்தான் அதிகம் பார்த்தேன். பார்க்க வேண்டியவை என்று சொல்லப்படும் கோட்டையும் தேவாலயங்களும் எல்லோருக்கும் தெரிந்தவை. எனக்கோ ஒரு சுவரின் முன் நின்றுவிட்டால் அடுத்த இடத்துக்குக் கால் நகர்வதில்லை. யார் பூசியது, யார் கீறியது, யார் இடிக்காமல் விட்டது என்று கேள்விகள் ஒன்றன் பின் ஒன்றாக வருகின்றன.

*

ஓ'கானல் தெருவில் பொது அஞ்சலகம். 1818-இல் திறந்த கட்டடம். 1916 ஏப்ரல் 24, ஈஸ்டர் திங்களன்று ஆங்கிலேய ஆட்சிக்கு எதிரான கிளர்ச்சியாளர்கள் இதைக் கைப்பற்றி, வாசலில் நின்று குடியரசை அறிவித்தார்கள். அந்த வாரம் முடிவதற்குள் உள்ளே எல்லாம் எரிந்துபோனது. தெருவைப் பார்த்த முகப்பு மட்டும் நின்றது. தூண்களில் உள்ள குழிகளைக் காட்டி, இவை குண்டு பட்ட இடங்கள் என்கிறார்கள். அவற்றைக் கடந்து போய் மக்கள் அஞ்சல்தலை வாங்குகிறார்கள். நினைவிடம் என்று பூட்டிவைக்காமல் இன்றும் தபால் வேலையே அங்கே நடப்பது எனக்குப் பிடித்திருக்கிறது.

*

ஹென்ரியெட்டா தெரு, எண் 14. நகரத்தில் நான் மிக நெடுநேரம் இருந்த வீடு இதுதான்.

1740-களின் பிற்பகுதியில் பிரபுக்களுக்காகக் கட்டப்பட்டது. மோல்ஸ்வொர்த் பிரபுவின் குடும்பம் வாழ்ந்த காலத்தில் இங்கே விருந்துக்கு ஓர் அறை, உறக்கத்துக்கு ஓர் அறை, வருகிறவர் வியந்து நிற்பதற்கென்றே ஒரு பெரிய படிக்கட்டு. 1800-இல் சட்டம் இயற்றி, அடுத்த ஆண்டின் தொடக்கத்தோடு அயர்லாந்தின் நாடாளுமன்றத்தை லண்டனோடு இணைத்துவிட்டார்கள். அதிகாரம் போன பின்னாலேயே பணமுள்ளவர்களும் மெல்லக் கிளம்பிப் போனார்கள். மாளிகைகள் காலியாயின. 1870-களில் இந்த வீட்டை வாங்கியவர் அந்தப் பெரிய படிக்கட்டைப் பெயர்த்து எடுத்துவிட்டு, கிடைத்த இடத்தையும் சேர்த்து வீட்டைச் சிறு குடித்தனங்களாகப் பிரித்தார். 1911 கணக்கெடுப்பில் இந்த ஒரே கூரையின் கீழ் ஏறக்குறைய 100 பேர் வாழ்ந்தார்கள்.

நூறு பேர் என்பதை எண்ணாக வாசித்துவிட்டுப் போய்விடலாம். அந்த அறைக்குள் நின்றால் முடியவில்லை. உயர்ந்த கூரையில் சுண்ணாம்புப் பூவேலை அப்படியே இருக்கிறது. அதன் கீழே தடுப்புப் பலகைகள். ஒரு பெண் இரவில் படுத்து மேலே பார்த்திருந்தால், கொடியில் பாதி தன் அறையிலும் மீதி அடுத்த வீட்டுக்காரர் அறையிலுமாக ஓடுவதைக் கண்டிருப்பாள். தண்ணீரைக் கீழேயிருந்து சுமந்து ஏற வேண்டும். கழிவைச் சுமந்து இறங்க வேண்டும். குழந்தை பெற்றதும், பிணத்தைக் கிடத்தியதும், துணி உலர்த்தியதும் அதே அறையில்.

மாடிப்படிச் சுவரில் காவிச் சிவப்பும் நீலமும் பூசியிருக்கிறது. அந்த நீலம் ரெக்கிட் நிறுவனத்தின் சலவை நீலம். வேட்டிக்கும் சட்டைக்கும் நாம் வாளியில் கரைத்த அதே நீலத்தை இவர்கள் சுவருக்குப் பூசியிருக்கிறார்கள். சுவரை விட்டு நகர எனக்கு நேரமாயிற்று. கையில் இருந்த மலிவான பொருளைக் கொண்டு, தங்களுக்குச் சொந்தமில்லாத சுவரையும் அழகாக வைத்துக்கொள்ள விரும்பியவர்கள் வாழ்ந்த வீடு அது. கடைசிக் குடும்பங்கள் 1970-களின் இறுதியில் வெளியேறின. 2018-இல் அருங்காட்சியகமாகத் திறந்தபோது அந்தப் பூச்சின் மேல் புதுப்பூச்சு அடிக்காமல் விட்டவர்களுக்கு என் வணக்கம்.

*

டிரினிட்டி கல்லூரி நூலகத்தின் நீண்ட கூடம். 65 மீட்டர் நீளம். பழைய நூல்களைத் தூசு தட்டிப் பாதுகாக்கும் பணிக்காக அலமாரிகளிலிருந்து இறக்கி எடுத்துப் போயிருக்கிறார்கள். கெல்ஸ் நூல் என்ற பழங்கையெழுத்துப் பிரதியைக் காண வந்த கூட்டத்தில் சிலர் ஏமாற்றத்தோடு மேலே பார்த்தார்கள். வெறும் அடுக்குகளும் எனக்குப் போதுமானவையாக இருந்தன. மரம் இத்தனை காலம் தாங்கிய எடை அப்போதுதான் தெரிந்தது.

*

செயின்ட் பாட்ரிக் பேராலயத்துக்குப் பக்கத்தில் மார்ஷ் நூலகம். பேராயர் நார்சிஸஸ் மார்ஷ் 1707-இல் நிறுவியது. அயர்லாந்தின் முதல் பொது நூலகம். பக்கத்துப் பேராலயத்தின் தலைமைக் குருவாக இருந்த ஜோனதன் ஸ்விஃப்ட் இங்கே வந்து வாசித்திருக்கிறார். கருவாலி அலமாரிகள் வைத்த இடத்திலேயே இருக்கின்றன. ஒரு கோடியில் கம்பி அடைப்புகள். அரிய நூல் கேட்கும் வாசகரை உள்ளே விட்டுப் பூட்டிவிடுவார்களாம், நூல் களவு போகாமலிருக்க.

1916-இல் அருகிலிருந்த ஜேக்கப் பிஸ்கட் தொழிற்சாலை கிளர்ச்சியாளர்கள் வசம் இருந்தது. அதை நோக்கிச் சுட்ட இயந்திரத் துப்பாக்கியின் குண்டுகள் சில இங்கே பாய்ந்தன. சில நூல்களில் இன்றும் துளை இருக்கிறது. முதல் தாளில் நுழைந்து, எழுத்துகளைக் கிழித்து, எங்கோ ஒரு பக்கத்தில் வேகம் தீர்ந்து நின்றிருக்கிறது. அந்தத் துளையை யாரும் அடைக்கவில்லை.

*

கில்மேனம் சிறை.

வாசலுக்கு மேலே கல்லில் சங்கிலியிட்ட பாம்புகள். 1796-இல் திறந்து 1924-இல் மூடியது. பழைய பகுதியின் நடைவழியில் ஒரு காலத்தில் ஜன்னல்களுக்குக் கண்ணாடி கிடையாது. ஒரு மெழுகுவத்தி இரண்டு வாரம் வர வேண்டும். உருளைக்கிழங்கு அழுகிய பஞ்ச காலத்தில், 1847-இல், பிச்சை எடுப்பதைக் குற்றமாக்கினார்கள். பசித்தவர்கள் சிறைக்கு வந்தார்கள். உள்ளே சோறு உண்டு என்பதற்காகவே பிடிபட்டவர்களும் இருந்தார்கள். அறைகள் போதாமல் நடைவழியில் படுத்தார்கள். அந்தப் பஞ்சத்தில் இந்தத் தீவில் ஏறத்தாழ பத்து லட்சம் பேர் இறந்தார்கள், அதே அளவு மக்கள் கப்பலேறினார்கள். சுதந்திரப் போராட்ட வரலாற்றைக் கேட்க வருகிறவர்கள் இந்த நடைவழியை வேகமாகக் கடந்துவிடுகிறார்கள். இங்கே சற்று நிற்க வேண்டும் என்று நினைக்கிறேன். சோற்றுக்காகச் சிறைப்பட்டவர்களுக்கு ஒரு கல்வெட்டும் எழுதப்படுவதில்லை.

சிறைக்குள் ஒரு சிறு வழிபாட்டறை. 1916 மே 3 இரவு, மரண தண்டனை விதிக்கப்பட்ட கிளர்ச்சியாளர் ஜோசஃப் பிளங்கெட்டுக்கும் கிரேஸ் கிஃபர்டுக்கும் அங்கே திருமணம் நடந்தது. மோதிரத்தை அன்று பிற்பகல்தான் கிரேஸ் தனியாகப் போய் வாங்கினாள். சாட்சி சொன்னவர்கள் காவல் சிப்பாய்கள். விடிந்ததும் ஜோசஃபைச் சுட்டார்கள். ஏழு ஆண்டுகள் கழித்து, ஐரிஷ்காரர்களே தமக்குள் மோதிக்கொண்ட உள்நாட்டுப் போரின்போது, இதே சிறையில் கிரேஸும் கைதியானாள். ஓவியம் பயின்றவள். தன் அறைச் சுவரில் குழந்தையேந்திய மரியன்னையை வரைந்தாள். அது மங்கிப்போகப் பிறகு வேறொருவர் மீட்டு வரைந்தார். பார்ப்பதற்குக் கதவிலுள்ள சிறு துளைதான் வழி. கணவனைச் சுட்டது ஆங்கிலேய அரசு, அவளைச் சிறைவைத்தது ஐரிஷ் அரசு. சுவர் மட்டும் ஒன்றே.

கல் உடைக்கும் முற்றத்தில் இரண்டு சிலுவைகள். 1916 மே 3-க்கும் 12-க்கும் இடையே கிளர்ச்சியாளர்கள் பதினான்கு பேரை இங்கே சுட்டார்கள். பதின்மூன்று பேர் ஒரு கோடியில். காயத்தால் நிற்க முடியாத ஜேம்ஸ் கானலி மட்டும் மறு கோடியில், வாயிலுக்கு அருகே, நாற்காலியில் உட்காரவைக்கப்பட்டு.

சிறை மூடிய பிறகு கூரை விழுந்தது, முற்றத்தில் மரம் முளைத்தது. 1960-இல் தன்னார்வலர்கள் வந்து மரங்களை வெட்டி, இடிபாட்டை அள்ளி, கூரையிட்டார்கள். அரசு ஆண்டுக்கு ஒரு பென்னி வாடகைக்குக் கொடுத்திருந்தது. அவர்களில் உள்நாட்டுப் போரின் இரு பக்கத்தாரும் இருந்தார்கள். ஒருவர் தரப்பு மற்றவர் தரப்பைச் சுட்டிருந்தது. ஆகவே வேலை தொடங்கும்போதே ஓர் உடன்பாடு செய்துகொண்டார்கள்: 1921-க்குப் பிந்தைய, அதாவது அந்தப் போரின், கதையை இங்கே பேசுவதில்லை. 1966-இல், முன்பு இதே சிறையில் கைதியாக இருந்த டி வலேரா, குடியரசுத் தலைவராக வந்து அருங்காட்சியகத்தைத் திறந்துவைத்தார்.

அந்த உடன்பாட்டின் மௌனத்தைக் கோழைத்தனம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அது இல்லாவிட்டால் சுவர் இருந்திருக்காது. ஆனால் அந்த மௌனத்துக்குள் மனிதர்கள் இருந்தார்கள். 1922 நவம்பர் 17-இல் இதே சிறையில் நான்கு இளைஞர்களை ஐரிஷ் அரசின் துப்பாக்கிகள் சுட்டன. ஆயுதம் வைத்திருந்தது குற்றம். இருபதை ஒட்டிய வயது. அந்தப் போரின் முதல் மரண தண்டனைகள் அவை.

இப்போது அந்தக் கதையையும் இங்கே சொல்கிறார்கள். பதினான்கு பேரின் பெயர்கள் இந்த நாட்டின் தெருக்களுக்கும் ரயில் நிலையங்களுக்கும் உண்டு. இந்த நால்வரின் பெயர்களை என் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன்: ஜேம்ஸ் ஃபிஷர், பீட்டர் காசிடி, ரிச்சர்ட் டூஹிக், ஜான் காஃப்னி.