பழியைத் தாங்கும் தோள்

பெரம்பலூர் மண்ணில் பிறந்து, அரியலூர் வழியே ஓடிக் கொள்ளிடத்தில் கலக்கும் மருதையாறு மழையை நம்பி வாழும் ஆறு. 1956 நவம்பர் 23 விடியற்காலையில் அது கரை புரண்டு ஓடியது. அரியலூருக்கு அருகே பாலத்தை ஒட்டிய இருப்புப்பாதையின் கரையை வெள்ளம் அரித்துவிட, சென்னையிலிருந்து தூத்துக்குடி நோக்கிச் சென்ற விரைவு வண்டி ஆற்றில் கவிழ்ந்தது. 140க்கும் மேற்பட்டோர் மாண்டனர்.

அப்போது இரயில்வே அமைச்சராக இருந்தவர் லால் பகதூர் சாஸ்திரி. ஆற்றங்கரையைக் காவல் காப்பது அவர் வேலையன்று. வண்டியை ஓட்டியவரும் அவரல்லர். ஆயினும் பொறுப்பேற்றுப் பதவி விலகினார். அதே ஆண்டில் மகபூப்நகர் அருகே 100க்கும் மேற்பட்டோர் இறந்த விபத்தின்போதே அவர் விலக முன்வந்தார். பிரதமர் நேரு இணங்கவில்லை. இம்முறை இணங்கினார். விபத்துக்குச் சாஸ்திரி காரணமல்லர் என்பதை நாடாளுமன்றத்தில் தெளிவுபடுத்திய நேரு, அரசியல் நெறிக்கு முன்மாதிரியாக அமையும் என்பதாலேயே அதை ஏற்பதாகக் கூறினார்.

இந்நிகழ்ச்சியை நினைக்கும்போதெல்லாம் என் மனச்சான்று என்னைக் குத்துகிறது. பல ஆண்டுகளுக்கு முன் நான் பணியாற்றிய ஒரு சிற்றூரில், திருவிழாத் தேர்பவனி பாதி வழியில் இருளில் நின்றது. ஜெனரேட்டரில் டீசல் தீர்ந்துவிட்டது. கூட்டத்தின் நடுவே உபதேசியாரைக் கடிந்துகொண்டேன். அவர் தலைகுனிந்து நின்றார். முதல்நாள் மாலையே அவர் டீசலுக்குப் பணம் கேட்டதும், ‘நாளை பார்ப்போம்’ என்று நான் அனுப்பிவிட்டதும் அன்றிரவு படுக்கையில்தான் நினைவுக்கு வந்தன. மறுநாள் மன்னிப்புக் கேட்டேன். ஆனால், கடிந்தது ஊரறிய. மன்னிப்புக் கேட்டதோ அறைக்குள்.

அடுத்த மழையில் கோவில் ஒழுகி, பீடத்துப் புத்தகங்கள் நனைந்தன. ஓடு உடைந்திருந்தது பலருக்கும் முன்பே தெரிந்திருக்கிறது. ஏன் சொல்லவில்லை என்று ஒரு பெரியவரைக் கேட்டேன். “சொன்னவன் தலையிலதான் விடியும், சாமி” என்றார்.

தலைமையைப் பற்றி நான் கற்ற பாடம் அதுதான். திட்டமிடும் ஆற்றல், பேச்சுவன்மை, கண்டிப்பு யாவும் தலைவருக்குத் தேவையே. ஆனால், உடைந்த ஓட்டைப் பற்றிய செய்தி அவரிடம் வந்து சேராவிடில் அவற்றால் பயன் என்ன? பழி தன்மேல் விழாது என்ற துணிவு இருந்தால்தான் எளியவர் உண்மையைச் சொல்வார். அத்துணிவைத் தரவேண்டியவர் தலைவரே.

‘அமைச்சர் விலகியதால் அரிக்கப்பட்ட கரை சீராகிவிட்டதா?’ என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. சீராகவில்லைதான். பழியை ஏற்பது வேறு, பிழையைத் திருத்துவது வேறு, இரண்டும் வேண்டும். விலகலே சில வேளை தப்பியோடும் வழியாகவும் ஆகிவிடக்கூடும். ஆனால், ‘யார் தலையை உருட்டலாம்?’ என்று தேடும் இடத்தில் ‘எங்கே பிழை?’ என்ற கேள்விக்கு விடை கிடைப்பதில்லை. அவரவர் தம்மைக் காத்துக்கொள்வதிலேயே காலம் கழிகிறது.

நம்மில் பலர் சிமெண்டு ஆலையில் மேற்பார்வையாளர், பள்ளியில் தலைமையாசிரியர், மகளிர் குழுவில் தலைவி. ஒவ்வொரு தவறுக்கும் நாம் பதவி விலக முடியாது. ஆனால், மேலிடத்தின்முன் ‘என் பொறுப்பு’ என்று சொல்ல முடியும். பிறகு தவறியவரைத் தனியே அழைத்து, நடந்தது என்ன என்று உடனிருந்து ஆராய முடியும். கவனக்குறைவைக் கண்டிப்பதும் அன்பின் கடமையே. அதற்குச் சந்தி தேவையில்லை.

நற்செய்தியில் இரு தலைவர்கள் கையில் தண்ணீர் எடுக்கின்றனர். பிலாத்து தன் கைகளைக் கழுவிக்கொள்கிறான். இயேசு சீடர்களின் பாதங்களைக் கழுவுகிறார். தவறு நேர்ந்த அன்று, நம் கையில் இருக்கும் தண்ணீர் எதற்கு?

அந்த உபதேசியார் இன்று உயிரோடு இல்லை. ஊரறியக் கேட்டிருக்க வேண்டிய மன்னிப்பை, காலம் கடந்து, இந்தப் பக்கத்தில் கேட்கிறேன்.