கட்டடத் தகராறும் மாத்யஸ்த்ய பாவனையும்

உமாஸ்வாமிகள் அருளிய தத்துவார்த்த சூத்திரத்தின் ஏழாம் அத்தியாயத்தில் நான்கு பாவனைகள் கூறப்படுகின்றன. எல்லா உயிர்களிடத்தும் மைத்ரி, குணத்தால் உயர்ந்தோரிடத்துப் பிரமோதம், துன்புறுவோரிடத்துக் காருண்யம், சொல்லித் திருத்த இயலாதாரிடத்து மாத்யஸ்த்யம், அதாவது விருப்பு வெறுப்பற்ற நடுநிலை. பேச்சு வழக்கில் நாம் மத்தியஸ்தம் என்பது இச்சொல்லோடு உறவுடையதே. சென்னை உயர்நீதிமன்றத்தில் 2005ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற சமரச மையத்தின் பணியும் அத்தகையதே. ஆயினும் நம்மவர் உள்ளத்தில் ஓர் ஐயம் எழுவதுண்டு. நியாயம் நம் பக்கம் இருக்க, நீதிமன்றத்திற்கு வெளியே அமர்ந்து பாதிக்கு உடன்படுதல் சத்திய விரதத்திற்கு இழுக்காகாதோ?

வீடு கட்டுவோரும் ஜினாலயத் திருப்பணி செய்வோரும் எதிர்கொள்ளும் கேள்வி இது. ஆகவே கட்டடத் தகராற்றையே எடுத்துக்கொள்வோம்.

கட்டடம் ஓராண்டு தாமதமாயிற்று. வேலைக்கு ஆள் வரவில்லை என்கிறார் உரிமையாளர். தவணைப் பணம் வரவில்லை என்கிறார் ஒப்பந்ததாரர். வரைபடத்தை இருமுறை மாற்றினார்கள் என்கிறார் பொறியாளர். மூவரும் பொய்யர் அல்லர். ஒவ்வொருவர் கூற்றும் ஓர் அபேக்ஷையில் மெய். முழுமை எவரிடத்தும் இல்லை. அநேகாந்தத்தைச் சொற்பொழிவில் கேட்டுத் தலையசைக்கும் நாம், பாக்கித் தொகை என்று வந்தவுடன் ஏகாந்தவாதிகளாகிவிடுகிறோம். பெரும்பாலும் அங்கே சத்தியத்தின் பெயரால் வழக்காடுவது மான கஷாயமே.

மேலும், கட்டடத்தில் சான்று விரைவில் மறைந்துவிடும். கான்கிரீட் இட்டபின் உள்ளிருக்கும் கம்பியை எண்ணுவது எங்ஙனம்? மண்மூடிய அடித்தளத்தை ஆண்டுகள் கழித்து அளப்பது எங்ஙனம்? அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் ஐசனோவர் சுரங்கச் சாலையின் இரண்டாம் குடைவுக்கு, 1975ஆம் ஆண்டில், தகராறுகளை வேலை நடக்கும்போதே ஆராய்ந்து கருத்துரைக்க வல்லுநர் குழு ஒன்றை அமர்த்தினர். பிரிட்டனின் 1996ஆம் ஆண்டுச் சட்டம், பெரும்பாலான கட்டட ஒப்பந்தங்களில் 28 நாட்களில் முடிவு கூறும் நடுவரை நாட உரிமை அளித்தது.

நம் நாட்டில் 2010ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் அளித்த ஆப்கான்ஸ் தீர்ப்பு கருதத்தக்கது. கொச்சித் துறைமுகத்தின் பாலம், சாலைப் பணிகளில் ஒரு பகுதியை உள் ஒப்பந்தமாக எடுத்தவர், ரூ. 2 கோடிக்கு மேல் கேட்டுத் தொடுத்த வழக்கு அது. இருதரப்பும் இசையாமல் நடுவர் தீர்ப்புக்கு அனுப்பலாகாது. சமரசப் பேச்சுக்கு அனுப்ப அவ்விசைவு வேண்டியதில்லை என்றது நீதிமன்றம். நடுவர் தீர்ப்பு நம்மைக் கட்டும்; சமரசத்தில் முடிவு நம் கையிலேயே உள்ளது. அமர்ந்து கேட்குமாறு ஒருவரைப் பணிக்கலாம், உடன்படுமாறு பணிக்கலாகாது.

அங்குப் பேசியவற்றை இரகசியமாகக் காக்கவேண்டும் என 2023ஆம் ஆண்டின் மத்தியஸ்தச் சட்டம் விதிக்கிறது. இதனை நாம் பெரிதும் பாராட்டுகிறோம். வழக்குமன்றத்தில் தம் குறையை மறைக்க முற்படுபவர், இங்கே “சிமெண்டு இறங்கப் பத்து நாள் பிந்தியது எம்மால்தான்” என்று அஞ்சாமல் கூறலாம். மாயை என்னும் கஷாயத்துக்கு வேலை குறைகிறது.

எனினும் எல்லா உடன்பாடும் அறமாகாது. காத்திருக்க வசதியற்ற சிறு ஒப்பந்ததாரரிடம் பாக்கியில் பாதியை நீட்டி, “முடித்துக்கொள்வோம்” என்பது கள்ளாமை விரதத்தை மீறுவதாகும். பேச்சில் இடம்பெறாதாரும் உளர்: கூலி பெறாத சித்தாள், அக்கூரையின்கீழ் நாளை உறங்கப்போகும் குழந்தை. கம்பி குறைத்துக் கட்டிய தூணை, தொகையைக் குறைத்துக்கொண்டு இருதரப்பும் மறந்துவிடுதல் ஹிம்சைக்கு உடன்படுதலே. அத்தகைய இடத்தில் வழக்கிடுவது பாவமன்று. திருத்த இயலாதாரிடத்து வெறுப்பை விடுமாறு சூத்திரம் கூறுகிறது. கடமையை விடுமாறு கூறவில்லை.

அதே தீர்ப்பு, கடுமையான மோசடி பற்றிய வழக்குகளையும், தெய்வத் திருமேனிகளின் மீது உரிமை கோரும் வழக்குகளையும் சமரசத்துக்கு ஏலாதவையாக வைத்தது. ஜினாலயப் பொருளைக் காப்போர் இதனை எண்ணவேண்டும். தம் கைப்பொருளை விட்டுக்கொடுத்தல் உத்தம தியாகம். திருப்பணி நிதியை விட்டுக்கொடுக்க அவர்க்கு உரிமை ஏது? ஆதலின், ஒப்பந்தத்திலேயே இருதரப்பும் ஏற்கும் பொறியாளர் ஒருவரைக் குறித்துக்கொண்டு, ஒவ்வொரு முறையும் கான்கிரீட் இடுமுன் அளவுப் புத்தகத்தில் இருவரும் கையொப்பமிடுதல் நன்று.