மூடி உடைந்தபோது

வெளிநாடு செல்லும் மகளின் பெட்டியில் தாய் வைத்தனுப்பும் பொருட்களுள் மிக்ஸிக்குத் தனி இடம் உண்டு. நம் நாட்டு மின்னழுத்தம் 230 வோல்ட், அமெரிக்காவிலோ 120. இடையில் டிரான்ஸ்பார்மர் ஒன்று வைத்தாலன்றி அது அங்கே சரிவர அரைக்காது. அவ்வாறு போற்றிக் காத்த மிக்ஸியின் ஜார் மூடி, ஒருநாள் குழந்தையின் கை தவறி விழுந்து உடைகிறது. இங்கென்றால் தெருமுனைக் கடையில் வேறொன்று வாங்கிவிடலாம். அங்கே கண்ணீர் பெருகுகிறது.

அந்தக் கண்ணீர் மூடிக்காகவா? செல்வமேயாயினும் அது இனிதாவது அதன் பொருட்டன்று, ஆத்மாவின் பொருட்டே என்று பிருஹதாரண்யக உபநிஷதத்தில் யாக்ஞவல்கியர் மைத்ரேயிக்கு விளக்குகிறார். நாமோ தாயின் அன்பைப் பிளாஸ்டிக்கின்மீது ஏற்றி வைத்துவிட்டு, பிளாஸ்டிக் உடைந்ததும் அன்பே உடைந்ததாக மயங்குகிறோம். அழுகை வந்தால் வரட்டும், அதில் குற்றமில்லை. ஆனால் அந்த மயக்கத்தில், நடுங்கி நிற்கும் குழந்தையின்மீது சுடுசொல் பாய்கிறதே, அதற்கு என்ன சமாதானம் சொல்வது? அந்தத் தாயே அருகில் இருந்திருந்தால் மூடியைத் திரும்பியும் பார்த்திருக்க மாட்டாள். பேரக்குழந்தையின் காலில் சில்லு குத்திவிட்டதோ என்றுதான் குனிந்து பார்த்திருப்பாள்.