'இஸ்' என்னும் சிறுசொல்

ஆங்கிலத்தின் 'இஸ்' மூன்று வேலைகளைப் பார்க்கிறது. விடிவெள்ளியும் சுக்கிரனும் ஒன்றே என்று சொல்லவும், சுக்கிரன் ஒளி மிக்கது எனப் பண்பை ஏற்றவும், கடவுள் உண்டு என இருப்பை அறிவிக்கவும் அந்த ஒரு சொல்லே போதும். முதல் இரண்டுக்கும் தமிழில் வினையே வேண்டாம். பெயரை அடுத்துப் பெயரை வைத்தால் வாக்கியம் முடிந்துவிடும். மறுப்பில் வேறுபாடு இன்னும் துலக்கமாகத் தெரியும். 'அன்பு அல்ல' வேறு, 'அன்பு இல்லை' வேறு. பேச்சுத் தமிழ் இன்று 'இல்லை'யை இரண்டுக்கும் பயன்படுத்துகிறது. எழுத்தில் இந்தப் பகுப்பைக் கைவிடுவது இழப்புதான்.

ஒரே 'இஸ்' மூன்று வேலைகளைப் பார்ப்பதால் எழும் மயக்கம் வெறும் இலக்கணச் சிக்கல் அன்று. எதைவிடப் பெரியதொன்றை எண்ண முடியாதோ அதுவே கடவுள், எண்ணத்தில் மட்டும் இருப்பதைவிட உண்மையிலும் இருப்பதே பெரியது, ஆகவே கடவுள் இருக்கிறார் என்று 11ஆம் நூற்றாண்டில் இறையியலாளர் ஆன்செல்ம் வாதிட்டார். இருப்பு என்பது பொருளோடு சேரும் பண்பே அன்று என்று 1781இல் மெய்யியலாளர் கான்ட் மறுத்தார். கற்பனையில் உள்ள 100 தாலர் நாணயத்துக்கும் கையில் உள்ள 100 தாலருக்கும் கருத்தளவில் வேறுபாடு இல்லை; பணப்பையில்தான் வேறுபாடு. ஆன்செல்மின் வாதத்துக்கு இதைவிட வலுவான மறுப்பு எழவில்லை என்றே சொல்லலாம். பண்பேற்றும் 'இஸ்' வேறு, ஒன்றே என்னும் 'இஸ்' வேறு என்று 1892இல் தருக்கவியலாளர் ஃபிரேகே பிரித்துக் காட்டினார்.

சமயத்தில் இச்சொல்லுக்குக் கொடுத்த விலை பெரிது. கடைசி இராவுணவில் இயேசு அப்பத்தைத் தம் உடல் என்றார். ஆங்கில 'இஸ்'ஸின் உடன்பிறப்பான இலத்தீன் 'எஸ்ட்' அங்கே 'குறிக்கிறது' என்றே பொருள்படும் என்பது சமயச் சீர்திருத்தவாதி சுவிங்ளியின் வாதம். உள்ளபடியே உடல்தான் என்று மற்றொரு சீர்திருத்தவாதியான லூத்தர் உறுதியாக நின்றார். 1529 அக்டோபரில் மார்புர்க் நகரில் இருவரும் நேரில் வாதிட்டனர். 14 கூறுகளில் உடன்பட்டவர்கள் அந்த இராவுணவை நினைவுகூரும் திருவிருந்து பற்றிய 15ஆவதில் முழுமையாக உடன்படாமல் பிரிந்தனர். இயேசு பேசிய அரமேயத்தில், தமிழைப் போலவே, இத்தகைய வாக்கியத்துக்கு வினை தேவையில்லை. எனினும் பழைய புராட்டஸ்டன்ட் தமிழ் வேதாகமம் அவ்விடத்தில் 'இருக்கிறது' என்ற வினையைச் சேர்த்தே மொழிபெயர்த்தது. ஐரோப்பாவின் லூத்தரன் சபைகளும் சுவிங்ளியின் மரபில் வந்த சீர்திருத்தச் சபைகளும் பரவலாக ஒரே திருவிருந்தில் அமர 1973இல் லொய்யன்பெர்க் உடன்படிக்கை வழிசெய்தது. மார்புர்க் வாதத்துக்கும் அதற்கும் இடையில் கழிந்தவை 444 ஆண்டுகள்.