நாணயத்தின் நாணயம்

காசையும் நேர்மையையும் 'நாணயம்' என்ற ஒரே சொல்லாற் குறிக்கும் மொழி எம்முடையது. அவ்விரு பொருளும் ஒன்றோடொன்று மோதும் இடமொன்று காசு சேகரிப்போரிடையே உண்டு. பழைய வெள்ளிக் காசின்மேற் படிந்துள்ள வானவில் நிறம் தானாக வந்ததா, எவரேனும் ஏற்றியதா என்பதே அவர்தம் வழக்கு.

எம் வீடுகளில் வெள்ளிப் பாத்திரம் கறுத்தால் திருநீறிட்டுத் துலக்குவர். சேகரிப்போனுக்கோ துலக்குதல் பெரும் பிழை. அவன் போற்றும் நிறம், கந்தகச் சேர்வைகள் வெள்ளியோடு தாக்கமுறுவதால் உண்டாகும் வெள்ளிச் சல்பைட்டுப் படலமாகும். படலத்தின் மேற்பரப்பிலும் அடியிலும் தெறிக்கும் ஒளியலைகள் தலையிடுவதால் நிறந் தோன்றுகின்றது. தடிப்பு ஏற ஏற மஞ்சள், செம்மை, ஊதா, நீலம் என அது முறையே மாறும்.

அமெரிக்காவின் மோர்கன் டொலர் இதற்குத் தக்க சான்று. 1878 முதல் 1904 வரையும், பின்னர் 1921இலும் அக்காசு அச்சிடப்பட்டது. புழக்கத்திற்கு வேண்டியதனினும் மிகுதியாக அச்சிடப்பட்டமையால் கோடிக்கணக்கான காசுகள் ஆயிரம் ஆயிரமாகத் துணிப்பைகளிற் கட்டப்பட்டுத் திறைசேரியில் உறங்கின. துணியைத் தொட்டுக் கிடந்தவை பல ஆண்டுகளில் நிறம் பெற்றன. 1964 மார்ச்சில் வெள்ளி டொலர் வழங்கல் நிறுத்தப்படுமுன் அப்பைகளுட் பெரும்பாலானவை வெளியேறிவிட்டன. நிறமுற்ற காசுக்குச் சிலர் பன்மடங்கு விலை கொடுக்க முன்வந்ததும், கந்தகக் கரைசலும் அடுப்பும் தொழிற்படத் தொடங்கின.

தேர்ந்த கண் சிலவற்றைக் கவனிக்கும். நிறங்கள் தமக்குரிய வரிசையில் ஒன்றினுள் ஒன்று கரைந்து செல்கின்றனவா? வெறும் வெள்ளியை அடுத்து, இடைநிறம் எதுவுமின்றிக் கடுநீலம் திடீரென நிற்கின்றதா? காசைச் சுழற்றும்போது ஓடும் ஒளிக்கதிர் நிறத்தினூடே தெரிகின்றதா, அன்றி நிறம் அதனை மூடிவிடுகின்றதா? நெசவின் அச்சு எங்கேனும் பதிந்துள்ளதா? ஆயினும் இவை யாவும் நிகழ்தகவுகளே. கைதேர்ந்தவன் பொறுமையாகச் செய்தால் இச்சோதனைகளையும் வென்றுவிடுவான். இரு காசிலும் இருப்பது அதே சல்பைட்டு, அதே தடிப்பு. அவ்வாறாயின் எதனை நாம் போலி என்கின்றோம்?

விற்பவன் மறைப்பதே குற்றம் என்பது எளிய விடை. அதனை நான் முற்றாக ஏற்கவில்லை. "நிறத்தை நானே ஏற்றினேன்" என்று அவன் உண்மை கூறினால் ஏமாற்று ஒழிகின்றது. காசின் மதிப்பு மட்டும் மீள்வதில்லை. மெய்யியலாளர் நெல்சன் குட்மன் 1968இல் வெளியான 'கலையின் மொழிகள்' என்ற நூலில், மூலத்தையும் போலியையும் இன்று கண்ணாற் பிரித்தறிய இயலாவிடினும், வேறுபாடு உண்டென்ற அறிவே நாம் பார்க்கும் முறையை மாற்றுகின்றது என வாதிட்டார். ஓவியத்துக்கு அது பொருந்தலாம். ஓவியத்திலே நாம் தேடுவது ஒருவனுடைய கையை. காசின் நிறத்திலோ எவருடைய கையும் படாமையைத் தேடுகின்றோம். எவரும் விரும்பிச் செய்யாததையே விரும்புகின்றோம்.

இதிலிருந்து ஓர் இடர்ப்பாடு பிறக்கின்றது. கந்தகம் கலந்த பழைய அட்டை ஏட்டிலே அறியாது காசை வைத்தவனின் நிறம் இயற்கை எனப்படுகின்றது. அதே ஏட்டை இன்று தேடி வாங்கி, நிறம் வருமென்று காத்திருப்பவனுடையது யாது? கரைசலுமில்லை, நெருப்புமில்லை, காலமும் கடந்தே செல்கின்றது. ஆயின் அவன் எண்ணம் முழுவதும் அந்நிறத்தின்மேல். நிறத்துக்கு விலையுண்டென உலகம் அறிந்த நாள்தொட்டு, அறியாமையால் வரும் நிறம் அருகிக்கொண்டே செல்கின்றது. தரநிர்ணய நிறுவனங்கள் சில இத்தகைய காசுக்குத் தரமிட மறுக்கையில் 'போலி' என்று எழுதுவதில்லை; 'நிறம் ஐயத்துக்குரியது' என்றே குறிக்கின்றன. இவ்வணிகத்தில் நான் கண்ட சொற்களுள் மிக நேர்மையானது அதுவே.

சில மோர்கன் டொலர்களில் நிறத்தின் நடுவே பிறை வடிவில் வெண்மை எஞ்சியிருக்கும். பையினுள் மற்றொரு காசு அவ்விடத்தை மூடிக்கிடந்தமையால் கந்தகம் அங்கு எட்டவில்லை. அந்த அயற்காசு இன்று எவர் கையில் உளதோ, உருக்கப்பட்டதோ, அறிவாரில்லை.