அஞ்சிய நெஞ்சும் ஆராயும் அறிவும்

அண்ணனூரிலிருந்து தோழர் ஒருவர் மடல் தீட்டியிருக்கிறார். பழைய மர்மப் படங்களிலும் இரத்தக் காட்டேரிக் கதைகளிலும் அவருக்குத் தணியாத விருப்பமாம். ஞாயிறு இரவுகளில் நண்பர் நால்வரைக் கூட்டிவைத்து, ‘டிராகுலா’வையும் ‘அதே கண்கள்’ படத்தையும் மீண்டும் மீண்டும் பார்ப்பாராம். இதைக் கேள்வியுற்ற மூத்த தோழர் ஒருவர், “மேடையிலே பேயில்லை என்கிறாய், வீட்டிலே பேயைப் பார்த்துக் கைதட்டுகிறாய், இதுவா பகுத்தறிவு?” என்று கடிந்துகொண்டாராம். மற்றொன்றையும் அவர் மறைக்காமல் எழுதுகிறார். கடைசி வண்டியில் அண்ணனூரில் இறங்கி, மின் இரயில் பணிமனைப் பக்கமாய் நடந்தபோது, இருளில் வெள்ளையாய் ஏதோ அசையக் கண்டு நெஞ்சு படபடத்ததாம். அருகே சென்று பார்த்தால், முள்ளில் சிக்கிய பழைய வேட்டி! “நான் பகுத்தறிவாளன்தானா?” என்று கேட்கிறார் தோழர்.

கேள்வி அவருடையது மட்டுமன்று, நம்முடையதுங்கூட. நாமும் அப்படங்களைப் பார்த்தவர்கள், பார்த்து மகிழ்ந்தவர்கள், ஓரிரு இரவு விளக்கை அணைக்காமல் உறங்கியவர்கள். ஆகவே, நீதிபதியின் இருக்கையில் அமர்ந்து பேசும் தகுதி நமக்கில்லை. தோழரோடு கூண்டில் நின்றே விடை தேடுவோம்.

அச்சம் வேறு, நம்பிக்கை வேறு. புதர் அசைந்ததும் துள்ளி விலகியவனே கொடுவிலங்குக்குத் தப்பினான். அவன் வழிவந்த நம் உடலிலும் அந்தத் துடிப்பு இருக்கிறது. அது அறிவைக் கேட்டுக்கொண்டு வருவதில்லை. எனவே நெஞ்சு துடித்தது குற்றமாகாது. துடித்த பின்னர் கால்கள் எங்கே சென்றன என்பதன்றோ கேள்வி? தோழரின் கால்கள் வேட்டியை நோக்கிச் சென்றன. மந்திரவாதியின் வாயிலை நோக்கிச் செல்லவில்லை. அஞ்சாதவன் பகுத்தறிவாளன் என்று எவரும் இலக்கணம் வகுக்கவில்லை. அஞ்சியபோதும் ஆராய்கிறவனே பகுத்தறிவாளன்.

நல்ல மர்மப் படம் செய்வதும் இதைத்தான். 1954-இல் எஸ். பாலச்சந்தர் இயக்கத்தில் ‘அந்த நாள்’ வந்தது. பாட்டில்லை, நடனமில்லை, தொடக்கத்திலேயே சிவாஜி கணேசன் சுடப்பட்டு வீழ்கிறார். சுட்டவர் யார்? சாட்சிகள் பலர், ஒவ்வொருவர் சொல்லும் வேறொருவரைச் சுட்டுகிறது. எவர் சொன்னார் என்று பாராமல் எது உண்மை என்று பார்க்கும் பயிற்சியை, இரண்டு மணி நேரத்தில் கசப்பின்றி ஊட்டிய படம் அது. 1966-இல் வந்த ‘யார் நீ?’ படத்தை எடுத்துக்கொள்வோம். இந்தியில் ‘வோ கௌன் தி’ என்று வந்த கதையின் தமிழ் வடிவம். வெண்ணிற ஆடையில் ஒருத்தி வருகிறாள், பாடுகிறாள், மறைகிறாள். அரங்கமே பேயென்று நடுங்குகிறது. முடிவில் வெளிப்படுவதென்ன? சொத்துக்காக மனிதன் விரித்த சூழ்ச்சி வலை! பேய் என்று ஊர் நடுங்கும்போது, அந்த நடுக்கத்தால் எவன் பை நிறைகிறது என்று கேட்கச் சொல்லும் கதை, நம் கூட்டங்களில் பேசப்படுவதற்கு எவ்வகையில் மாறுபட்டது?

“சரி, டிராகுலா கதையில் அத்தகைய விளக்கமில்லையே, சிலுவையைக் காட்டினால் காட்டேரி ஓடுகிறதே” என்று மூத்த தோழர் மடக்கலாம். மடக்கட்டும். அந்தக் காட்டேரியின் வரலாற்றைச் சற்றே புரட்டுவோம். பிராம் ஸ்டோக்கர் 1897-இல் எழுதிய நாவலில் டிராகுலா பகலிலும் வெளியே நடமாடுகிறான். பகலவன் ஒளி பட்டால் காட்டேரி மாயும் என்பது, 1922-இல் முர்னோ எடுத்த ‘நோஸ்ஃபெராட்டு’ என்னும் ஊமைப்படம் புகுத்திய புதுமை. இன்று அதனைத் தொன்றுதொட்டு வந்த உண்மைபோல் உலகமே பேசுகிறது! நம் ஊர்ப் பேயின் வெள்ளைச் சேலையிலும் விரித்த கூந்தலிலும் பாட்டி சொன்னது எவ்வளவு, படம் சொன்னது எவ்வளவு என்று தோழர்கள் எண்ணிப்பார்க்கட்டும்.

ஆனால், அந்தக் காட்டேரி வெறும் கதையாக இல்லாத காலமும் உண்டு. பதினெட்டாம் நூற்றாண்டில் கிழக்கு ஐரோப்பியச் சிற்றூர்களில் நோய் பரவியபோது, அண்மையில் இறந்தவரின் கல்லறையைத் தோண்டினர். பிணம் ஊதியிருந்தது, வாயோரம் செந்நீர் கசிந்திருந்தது, நகம் வளர்ந்ததுபோல் தோன்றிற்று. குருதி குடித்த காட்டேரி என்று கூவி, முளை அறைந்தனர், எரித்தனர். அழுகும் உடலில் காற்று நிறைவதும், உள்ளிருக்கும் நீர்மம் வாய்வழி வெளிப்படுவதும், தோல் சுருங்குவதால் நகம் நீண்டதுபோல் தோன்றுவதும் இயற்கை என்பதை அவர்கள் அறியவில்லை. 1755-இல் ஆஸ்திரியப் பேரரசி மரியா தெரசாவின் மருத்துவர் வான் சுவீட்டன், இந்தப் பீதிக்கு வேர் அறியாமையே என்று அறிக்கை தந்தார். கல்லறை தோண்டலுக்குப் பேரரசி தடை விதித்தார். அந்த ஊர்களில் அந்நாளில் டிராகுலா படம் ஓடியிருந்தால், அது பொழுதுபோக்காக இருந்திராது. அடுத்த கல்லறைக்குக் கடப்பாரை எடுத்துக்கொடுக்கும் தூண்டுகோலாகவே இருந்திருக்கும்.

இங்கேதான் நமக்கு அளவுகோல் கிடைக்கிறது. படத்தில் பேய் இருக்கிறதா என்பது சிறிய கேள்வி. படம் முடிந்து விளக்கெரிந்த பின், அந்தக் கதையின் பெயரால் எவரேனும் அடிபடுகிறார்களா என்பதே பெரிய கேள்வி. அண்ணனூரில் எவரையும் காட்டேரி என்று கூறி எவரும் முளை அறைவதில்லை. ஆகவே டிராகுலா நமக்குக் கதை. வேப்பிலையும் சாட்டையும் ஏந்திப் பெண்ணின் கூந்தலைப் பற்றிப் பேயோட்டும் மந்திரவாதியோ கதையல்லன். திரையில் வென்று மாலை சூடும் அவன், மறுநாள் மனநோயுற்ற மருமகளின் வீட்டுத் திண்ணையில் வந்து அமர்கிறான்.

அவன் அமர்ந்ததன் விலை என்ன? இராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியில், 2001 ஆகஸ்ட் 6 அன்று விடியற்காலையில் காப்பகக் கொட்டகை ஒன்று தீப்பற்றியது. மருந்தால் தீர்க்க வேண்டிய நோயை வழிபாட்டால் தீர்க்கலாமென்று நம்பிக் குடும்பத்தார் கொண்டுவந்து விட்ட மனிதர்கள் அங்கே சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தனர். தீ கண்டு ஓடக் கால்கள் இருந்தன. ஓடவிடாமல் சங்கிலி இருந்தது. 28 உயிர்கள் மாண்டன. மனநோயாளரைச் சங்கிலியிடுவதை 2017-ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம் வெளிப்படையாகத் தடுக்கிறது. சட்டம் இரும்புச் சங்கிலியை அறுக்கும்; கருத்துச் சங்கிலியை யார் அறுப்பது?

அதனால்தான், நாம் விரும்பும் படத்தையும் கேள்வி கேட்க வேண்டியிருக்கிறது. ஸ்ரீதரின் ‘நெஞ்சம் மறப்பதில்லை’ (1963) கலையழகில் நம்மை ஆட்கொண்ட படம். ஜமீன் செருக்கு ஓர் ஏழைப் பெண்ணின் காதலைக் கொல்கிறது. நியாயமோ மறுபிறவியில் கிடைக்கிறது! இப்பிறவியில் கேட்க வேண்டிய கணக்கை அடுத்த பிறவிக்குத் தள்ளிவைத்தால், ஆதிக்கக்காரனுக்கு அதைவிட ஆதாயம் வேறுண்டோ? பேய் பிசாசு என்று பேசப்பட்ட நிகழ்ச்சிகளை நேரில் சென்று ஆராய்ந்தவர் இலங்கைப் பகுத்தறிவாளர் ஆபிரகாம் கோவூர். அவர் கண்ட உளநோய் நிகழ்ச்சியொன்றைத் தழுவி 1973-இல் தமிழில் வந்த படத்தின் பெயரே ‘மறுபிறவி’. அந்த நோய்க்கு உள்ளத்தில் இருந்த காரணத்தை அக்கதை காட்டிற்று. இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்து, நண்பரோடு வாதிட்டால், ஒரு மாலைக்கூட்டத்தின் பயன் கிட்டும்.

ஆகவே, மூத்த தோழருக்கு நாம் பணிவுடன் சொல்வது: இளைஞரிடமிருந்து படத்தைப் பறிக்க வேண்டா, படம் முடிந்ததும் அவர்களோடு அமர்ந்து பேசுங்கள். அண்ணனூர்த் தோழருக்குச் சொல்வது: ஞாயிறு இரவுக் கூட்டத்தை நிறுத்த வேண்டா. அஞ்சுங்கள், கைதட்டுங்கள், மகிழுங்கள். ஆனால், உங்கள் தெருவில் ஒரு பெண்ணுக்குப் பேய் பிடித்ததென்று உடுக்கை ஒலிக்குமானால், அன்றிரவு படத்தை நிறுத்துங்கள். நண்பர் நால்வரோடு அந்த வீட்டுக்குச் செல்லுங்கள். மருத்துவமனைக்கு அவளை அழைத்துச் செல்ல அவள் வீட்டாரை இணங்கச் செய்யுங்கள். வெள்ளை வேட்டியை நோக்கி நடந்த அதே கால்கள் அங்கும் நடக்குமாயின், “நான் பகுத்தறிவாளன்தானா?” என்ற கேள்விக்கு வேறு விடை வேண்டியதில்லை.