வாடகையும் ஒப்புரவும்

ஈப்போ பழைய நகரின் கடைவீடுகள் பலவற்றுக்கு 1966ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் அரணாய் நின்றது. 1948 பிப்ரவரிக்கு முன் எழுந்த கட்டடங்களுக்கே அது உரியது. 1997இல் நீக்கச் சட்டம் நிறைவேறியது. 2000ஆம் ஆண்டு பிறந்ததும் அவ்வரண் அகன்றது. அலுவலகம் தரவல்ல வாடகையை மளிகைக் கடைக்காரரும் பூக்கடைக்காரரும் தர இயலுமோ?

உரிமையாளர் பக்கமும் நீதி உண்டு. பழைய வாடகை பழுதுபார்க்கவும் போதாது. அவ்விழப்பை அவர் ஒருவரே சுமப்பது முறையன்று. ஆயினும், ஒரு தெருவின் மதிப்பை உயர்த்துவது கட்டடம் மட்டுமன்று. நாள்தோறும் கடை திறந்து, தோட்டத்து மக்களுக்குக் கடன் கொடுத்து, வாடிக்கை வளர்த்தோரின் உழைப்புமாகும். மதிப்பு உயர்ந்த நாளில் அவரையே வெளியேற்றுதல் சட்டத்திற்கு ஒக்கும், ஒப்புரவுக்கு ஒவ்வாது. ஆதலின், வாடகையைப் படிப்படியாக உயர்த்தி, நெடிய ஒப்பந்தம் தருதலே இருவர்க்கும் நேர்மையாம்.